மாமன் மகளும் 'பண்பாடு' என்னும் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தத்தில் திருமணம் செய்வதால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய பிறவிக் குறைபாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் சென்ற மாதம் ஒரு கட்டுரை வெளியானது. பத்து நாள் கழித்து அதற்கு மறுப்பாக வாசகர் ஒருவரின் கடிதமும் வந்தது. 'பண்பாடு வளராத' குடும்பங்களில் இவ்வழக்கம் இன்னும் நீடிக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். மாமன் மகளைக் கட்டுவது 'நம் தொன்மையான பண்பாடு', அதில் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை என்று வாசகர் எழுதியிருந்தார். ஒருவர் அந்தச் சொல்லை ஏணியாகச் சாத்திச் சிலரைக் கீழ்ப்படியில் நிறுத்தினார். மற்றவர் அதையே நகைப்பெட்டியாக்கிப் பூட்டிவிட்டார். கல்லூரியில் 27 ஆண்டுகள் சமூகவியல் நடத்தியவன் என்ற முறையில், இருவரும் கையாண்ட அந்த ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

'பண்பாடு' பழஞ்சொல் போல ஒலித்தாலும், ஆங்கிலத்தின் 'கல்ச்சர்' என்பதற்கு நேராக 20ஆம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்தது. அதை அப்பொருளில் முதலில் வழங்கியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்று எஸ். வையாபுரிப்பிள்ளை குறித்திருக்கிறார். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் உழுது பயிரிடுவதைக் குறிப்பது. நாமும் நிலத்தைப் 'பண்படுத்துகிறோம்'. அந்த அளவில் மிகப் பொருத்தமான ஆக்கம்தான். ஆனால் 'பண்பு' என்றாலே நற்குணம் என்று கேட்டுப் பழகிய காது நம்முடையது. 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்ற கலித்தொகை அடியை மேடைதோறும் கேட்கிறோம். மேல்நிலைப் பள்ளிப் பாடத்தின் பெயரே 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. ஆகவே 'பண்பாடு உடையவர்', 'பண்பாடு இல்லாதவர்' என்று மதிப்பெண் போடுவது நமக்கு இயல்பாகிவிட்டது.

ஆங்கிலத்திலும் அச்சொல் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. அதை அங்கிருந்து நகர்த்தியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் மானிடவியலாளர் எட்வர்டு டைலர். 1871இல் அவர் தந்த வரையறையின் சாரம் இது: ஒரு சமுதாயத்தின் உறுப்பினராக இருப்பதனால் மனிதன் பெற்றுக்கொள்ளும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம், இன்னபிற திறன்கள், பழக்கங்கள் எல்லாம் சேர்ந்த முழுமையே பண்பாடு. இதில் 'பெற்றுக்கொள்ளும்' என்ற சொல்லில்தான் பாரம் முழுவதும் இருக்கிறது. பசி உடம்போடு வருவது. அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்த பிறகே வீட்டாருக்கு இலை போடுவது கற்றுக்கொண்டது. 1952இல் அமெரிக்க மானிடவியலாளர்கள் குரோபரும் கிளக்ஹானும் பண்பாட்டுக்குத் தரப்பட்ட வரையறைகளைத் திரட்டியபோது 160க்கும் மேற்பட்டவை கிடைத்தன. அத்தனையும் படித்தால் தலை சுற்றும் என்பதால், கற்றது, பலரோடு பகிர்ந்தது என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுமாறு மாணவர்களிடம் சொல்வேன்.

தாங்கள் வெளியிட்ட விவாதத்தின் பொருளான உறவுமுறையைவிடச் சிறந்த பாடம் இதற்குக் கிடையாது. தந்தையின் உடன்பிறந்தார் பெரியப்பா, சித்தப்பா. தாயின் உடன்பிறந்தாள் பெரியம்மா, சித்தி. இவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கை. தாயின் சகோதரரும் தந்தையின் சகோதரியும் மாமனும் அத்தையும். அவர்கள் பிள்ளைகள் அத்தான், மச்சான், மதினி, கொழுந்தி. மாமனாரையும் மாமா என்றே அழைக்கிறோம், மாமியாரையும் அத்தை என்றே அழைக்கிறோம். உறவினர் அனைவரையும் பங்காளிகள் ஒருபுறமும் மாமன் மச்சான்கள் ஒருபுறமுமாக நம் மொழியே பிரித்துவைத்திருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் திருமண வீட்டில் நம் பக்கத்தில் அமர்ந்தால், இரண்டு கேள்வியில் அவரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். குழந்தையின் தாய்மாமன் சிங்கப்பூரில் இருந்தார், விடுப்புக் கிடைக்கவில்லை. கைப்பேசியின் திரையில் அவர் தெரிந்துகொண்டிருந்தாலும், குழந்தையை உட்காரவைக்க ஒரு மடி வேண்டுமே. குழந்தையின் சித்தப்பா அருகிலேயே பட்டு வேட்டியோடு நின்றார். குழந்தையும் அவரிடம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. தாயின் சித்தப்பா மகன் ஒருவர் பந்தியில் பாதி உணவில் இருந்தார். அவரைக் கைகழுவவைத்து அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். தாய்க்குச் சித்தப்பா மகன் அண்ணன் என்றால், குழந்தைக்கு அவர் மாமன். அங்கிருந்த யாரும் இதை யோசித்துக் கணக்குப் போடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சமூகவியலார் பண்பாடு என்று சொல்வது, அந்தப் பெரியவர் சாம்பார்ச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு முகம் சுளிக்காமல் எழுந்து வந்ததைத்தான்.

இயற்கை இப்படியெல்லாம் பிரிப்பதில்லை. மரபணுக் கணக்கில் மாமன் மகளும் சித்தப்பா மகளும் நமக்கு ஒரே தொலைவு. இருவரோடும் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறோம். அக்காள் மகளோடு நான்கில் ஒரு பங்கு. ஆயினும் அக்காள் மகளை மணப்பது பல குடும்பங்களில் உரிமையாகவே கருதப்பட, அவளைவிட விலகியிருக்கும் சித்தப்பா மகளை மணப்பது என்ற பேச்சையே காது கொடுத்துக் கேட்க மாட்டோம். அந்த அருவருப்பு இரத்தத்திலிருந்து வருவதாக நாம் நம்புகிறோம்; உண்மையில் அது 'தங்கை' என்ற சொல்லோடு சேர்த்து நமக்கு ஊட்டப்பட்டது.

எங்கள் கல்லூரி விடுதியில் உத்தரப் பிரதேசத்து மாணவர் ஒருவர் இருந்தார். அறைத்தோழர் தம் திருமண அழைப்பிதழைக் கொடுத்து, மணமகள் தம் மாமன் மகள் என்றதும், அவர் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் தங்கையையா?" என்று கேட்டுவிட்டார். அவர் மொழியில் மாமன் பிள்ளைகளும் அண்ணன் தங்கைகளே. அடுத்த வாரம் வகுப்பில், அரபு நாடுகள் பலவற்றில் தந்தையின் சகோதரர் மகளை மணப்பது விரும்பத்தக்கதாகக் கருதப்படுகிறது என்று நான் சொன்னபோது, அந்தக் கேள்வியால் மனம் புண்பட்டிருந்த அதே அறைத்தோழர்தான் முதலில், "சே, அது எப்படி சார்?" என்றார். தன் முறையை நடுவில் வைத்து மற்றவர் முறையை அதனால் அளக்கும் இந்தப் பார்வையை இனமையவாதம் என்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரகாம் சம்னர் 1906இல் அதை விரிவாக விளக்கினார். அவரே ஒரு சமுதாயத்தின் பழக்கங்களை இரண்டு தரமாகவும் பிரித்தார்: மீறினால் சிரிப்பார்கள் என்ற அளவில் நிற்பவை ஒன்று, மீறினால் ஒதுக்கிவைப்பார்கள் என்ற அளவுக்குப் போகிறவை மற்றொன்று. நம் கிராமத்துப் பேச்சில் இதற்கு 'வழக்கம்', 'முறை' என்று இரண்டு சொற்கள் முன்பே இருக்கின்றன. 'எங்க பக்கத்து வழக்கம்' என்பதில் ஒரு நெகிழ்வு இருக்கிறது. 'முறை தவறிட்டான்' என்பதில் அது இல்லை. கலைச்சொல்லுக்காக நாம் இவ்வளவு தொலைவு அலைந்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சட்டமும் இந்த முறையின் முன் வளைந்துகொடுத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் சகோதரன் பிள்ளை, சகோதரி பிள்ளை ஆகியோருக்கு இடையிலான மணத்தைத் தடைசெய்யப்பட்ட உறவுகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. மணமக்கள் இருவருடைய வழக்கமும் அனுமதித்தால் தடையில்லை என்ற விலக்கினால்தான் நம் மாமன் மகள் திருமணங்கள் செல்லுபடியாகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையும் அத்தகைய மணத்தைத் தடைசெய்கிறது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மறைமாவட்டத்தில் விலக்குப் பெற்று அதை நடத்திக்கொள்கின்றன. மதம் வேறாக இருந்தும் முறை ஒன்றாக இருப்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

இனி 'பண்பாடு வளராத குடும்பங்கள்' என்ற தொடருக்கு வருகிறேன். டைலர் வரையறை தந்த அதே 1871இல், நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர் லூயி ஹென்றி மார்கன் உலகின் பல மொழிகளின் உறவுச் சொற்களைத் திரட்டிப் பெருநூலாக வெளியிட்டார். ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த அமெரிக்கப் பாதிரிமாரான ஸ்கடர் குடும்பத்தார் வழியாகக் கிடைத்த தமிழ் உறவுச் சொற்களும் அதில் உள்ளன. செனகா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலும் தந்தையின் சகோதரர் தந்தையாகவும் தாயின் சகோதரி தாயாகவும் இருப்பதைக் கண்ட அவர், அம்மக்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று முடிவுகட்டினார். அந்தச் சான்று நிற்கவில்லை; ஏனெனில் தமிழில் அத்தை மகன் கணவனாகும் முறையுடையவன், செனகா மக்களிடம் அப்படி ஒரு முறையே இல்லை. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளரிடையே 1949, 1950ஆம் ஆண்டுகளில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன்தான், நம் உறவுச் சொற்கள் இரத்தத்தைவிடக் கொண்டு கொடுத்தலையே பேசுகின்றன என்று 1953இல் தெளிவுபடுத்தினார். மார்கனின் இன்னொரு தவறு பெரிது. மனித குலம் காட்டுமிராண்டி நிலையிலிருந்து படிப்படியாக நாகரிகத்துக்கு ஏறியது என்று அவர் நம்பினார். டைலரும் அதே ஏணியில்தான் நின்றார். ஒவ்வொரு சமுதாயத்தையும் அதன் சொந்தச் சூழலில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று, வட கனடாவின் பாபின் தீவில் இனுயிட் மக்களோடு ஓராண்டு வாழ்ந்து திரும்பிய மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1887 முதல் வாதாடி அந்த ஏணியை அசைத்தார். 'பண்பாடுகள்' என்று பன்மையில் பேசும் பழக்கம் அவர் வழியாக வேரூன்றியது. நீலகிரியின் தோடர்களை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூல் எழுநூறு பக்கங்களைத் தாண்டியது. எழுத்தில்லாத ஒரு சிறு கூட்டத்தின் உறவும், கோயில்போல் போற்றும் பால்மாடத்துச் சடங்கும் அத்தனை பக்கங்களைக் கேட்டன. பண்பாடு வளராத குடும்பம் என்று ஒன்று இருக்குமானால், அதில் குழந்தைகள் பேசக்கூடக் கற்றிருக்க மாட்டார்கள்.

மறுப்புக் கடிதம் எழுதிய வாசகருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஒன்று பண்பாடு என்பதனாலேயே அது காக்கத்தக்கது ஆகிவிடாது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்ததும் கற்றதும் பகிர்ந்ததுமான ஒன்றுதான். அதையும் ஊரில் 'முறை' என்றுதான் சொன்னார்கள். பண்பாட்டுச் சார்பியம் என்று நாங்கள் நடத்தும் பாடம், ஒரு முறை எப்படி இயங்குகிறது, யார் அதனால் பயனடைகிறார்கள், யார் அதைச் சுமக்கிறார்கள் என்று தீர்ப்புக்கு முன்னதாகக் கண் திறந்து பார்க்கச் சொல்கிறது. தீர்ப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. முறைகள் மாறாதவையும் அல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி உரிமையை 1926இல் திருவிதாங்கூர் அரசின் சட்டம் மாற்றியது. கவிமணியின் கிண்டல் அதற்கு முன்பே அந்த முறையை நகைப்புக்குரியதாக்கியிருந்தது.

மாமன் மகள் திருமணத்தை இப்போது மாற்றிக்கொண்டிருப்பது சட்டமோ கட்டுரையோ அன்று, எளிய கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவரை மணந்தால், அவர்கள் குழந்தைக்கு மாமனும் இல்லை, அத்தையும் இல்லை, கட்டிக்கொள்ள முறையுமில்லை. ஆனாலும் காதுகுத்துக்கு மடி வேண்டியிருக்கிறது. பண்பாட்டின் ஒரு பகுதி முன்னே ஓட மற்றொன்று பின்தங்கி வருவதைப் பண்பாட்டுப் பின்னடைவு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆக்பர்ன் 1922இல் பெயரிட்டார். அந்தக் குடும்பங்கள் மாமன் முறைக்கு யாரைத் தேடுகின்றன என்பது இளம் ஆய்வாளர் ஒருவர் ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டுரையாளரின் மருத்துவ எச்சரிக்கையோடு எனக்கு வேறுபாடில்லை. பொதுவாக 100 பிறப்புகளில் இரண்டு, மூன்று என்றிருக்கும் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு, மாமன் மகள், அத்தை மகன் மணங்களில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. மணத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. அந்த அறிவுரை கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருந்தது. முதல் பத்தியிலேயே 'பண்பாடு வளராத குடும்பங்களில்' என்று எழுதாமல் 'மாமன் மகள் முறை வழங்கும் குடும்பங்களில்' என்று எழுதியிருந்தால், அந்த அறிவுரை யாருக்குத் தேவையோ அவர்கள் கடைசிப் பத்திவரை படித்திருப்பார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி