நீ புக் பண்ணியிருக்கற அந்த ஹோட்டல்

தம்பி,

வாட்ஸ்அப்ல அனுப்பின லிங்க் பாத்தேன்பா. தைப்பூசத்துக்கு மருமகளோட வந்து அங்கதான் தங்கப் போறேன்னு போட்டிருக்க, சரி, நம்ம வீட்டுல பாத்ரூம் ஒன்னுதான், எனக்குப் புரியுது. ஆனா அந்த போட்டோவ பெருசாக்கிப் பாரு, அது நம்ம மசாலா மில்லு! ரிசெப்ஷன் மேஜ போட்டிருக்கற எடத்துலதான் மெஷின் ஓடும், நீ நெடி தாங்காம தும்மிக்கிட்டே மொளகாத்தூள் டின்ன புடிச்சிட்டு நிப்ப.

மில்லு போய் ஹோட்டல் வந்ததுக்கு கட்டட ஓனர் மேல மட்டும் பழி போட முடியாது. வாடகைக் கட்டுப்பாடு இருந்தப்ப சொற்ப வாடக, கூரை ஒழுகினாலும் யாரும் ரிப்பேர் பண்ணல. 1997ல அந்தச் சட்டத்த ரத்து பண்ணி 2000லேர்ந்து வாடக அவங்கவங்க இஷ்டம்னு ஆனதும் நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஏகப்பட்ட குடும்பம் காலி பண்ணிட்டு போச்சு, அப்புறம் 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய ஊருன்னு பட்டம் குடுத்துச்சு, எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. ஓடு மாத்துனா மண் ஓடு, சுவர் பூசுனா சுண்ணாம்புன்னு ரூல்ஸ், கட்டடத்துக்கு நல்லதுதான் நான் இல்லன்னு சொல்லல, ஆனா அந்தச் செலவ மல்லி மொளகா அரைக்கறவர் எங்க போய் தாங்குவாரு, ஹோட்டல்காரனாலதான் முடியும். இத்தனைக்கும் பல இனம் சேந்து வாழற ஊருன்னுதான் யுனெஸ்கோ பட்டமே குடுத்தாங்க. அந்த ஜனம் இருக்கா போச்சான்னு பாக்கறதுக்கு ஒரு ரூல்ஸும் காணோம்.

குயின் ஸ்ட்ரீட் பக்கம் புடவக்கடை, பூக்கட்டறவங்கல்லாம் இன்னும் இருக்காங்க, எல்லாமே போச்சுன்னு ஒப்பாரி வைக்க மாட்டேன். ஆனா பூசத்துக்கு மொத நாள் செட்டியாருங்களோட கோயில் வீட்டுலேர்ந்து முருகனோட வெள்ளி ரதம் கெளம்பி வரும்ல, கடைக்காரங்க, சீனவங்களும் சேத்துதான், வாசல்ல மல மாதிரி தேங்கா குவிச்சு ஒடைப்பாங்களே, சூட்கேஸ் உருட்டிட்டு வர்ற கெஸ்டுக்கு அந்த நேர்த்தி எங்கேர்ந்து வரும்? உன் ஹோட்டல் வாசல்ல நீதான் ஒடைக்கணும், தேங்கா நான் வாங்கி வைக்கறேன், மேனேஜர்ட்ட முன்னாடியே கேட்டு வச்சிடு.

ரூம கேன்சல் பண்ணாத, மருமக ஆசையா புக் பண்ணியிருக்கா. மில்லு மாமா இப்ப ஜெலுத்தோங்ல மகன் வீட்டுப் பின்னாடி சின்ன மெஷின் போட்டிருக்காரு, பழைய ஆளுங்க போனா மட்டும்தான் அரைச்சுத் தர்றாரு, அதனால காடி வாடகைக்கு எடுக்கும்போது பூட் பெருசா பாத்து எடு, நாலு வீட்டு மொளகா சேத்து கொண்டு போகணும்.

அம்மா