விலை சொல்வதற்கு முன் மணியை எண்ணு

அன்பு மகளுக்கு,

கிளீனிங் தொழில் தொடங்க நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். தரை கழுவும் மெஷின், ஸ்டீம் மெஷின், பெயர் எழுதிய வண்டி... கோபித்துக்கொள்ளாதே அம்மா, முக்கால்வாசியை அடித்துவிட்டேன். மெஷின் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள். இந்தத் தொழிலில் கை கடிப்பது சாமான் செலவு இல்லை, மணிக்கணக்குதான்.

ஒரு வீட்டை இரண்டு பேர் 2 மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்று வை. 4 மணி நேர உழைப்பு என்று விலை சொல்லிவிடுவாய். போக, வர, வாளியும் மாப்பும் ஏற்றி இறக்க ஆளுக்கு முக்கால் மணி ஆகும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை. நீ கூலி கொடுக்கப் போவது ஐந்தரை மணி நேரத்துக்கு. அந்த ஒன்றரையை விலையில் சேர்க்காவிட்டால் உன் கையிலிருந்துதான் போகும். ஐந்தரை மணிக் கூலி, அதன் மேல் கிளீனிங் மருந்தும் துணியும், இன்ஷூரன்ஸ், போன், ஆள் வராத நாளின் நஷ்டம், கடைசியாக உன் லாபம். இந்த வரிசையில் கூட்டு. உன்னுடைய சொந்த உழைப்புக்கும் கூலி எழுது. இல்லாவிட்டால் பிறகு உன் இடத்தில் ஆள் வைக்கும்போது விலையை ஏற்ற முடியாமல் விழிப்பாய். ஒரே பக்கத்து வீடுகளை ஒரே நாளில் வைத்துக்கொண்டால் அந்தப் போக்குவரத்து நேரம் குறையும்.

போனில் விலை சொல்லவே சொல்லாதே. 'மூணு ரூம், ரெண்டு பாத்ரூம்' என்பதில் ஒன்றும் தெரியாது. நேரில் போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார். சமையலறை அலமாரியின் உச்சியில் விரலை வைத்துத் தேய்; ஒட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு, அங்கே மட்டும் ஒரு மணி நேரம் கூடும். குளியலறைக் கண்ணாடியில் உப்புக்கறை, டைல்ஸ் இடுக்கில் கறுப்பு, சோபாவில் நாய் முடி, ஷோகேஸில் எத்தனை பொம்மை என்று எல்லாம் குறித்துக்கொள். தண்ணீர் எங்கே பிடிப்பது, லிஃப்ட் உண்டா என்றும் கேள். முதல் தடவை சுத்தம் செய்ய வழக்கமான நேரத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆகும். அதற்குத் தனி விலை, வாரா வாரத்துக்குத் தனி விலை. கட்டி முடித்த புது வீடு, பெயின்ட் அடித்த வீடு இப்போதைக்கு வேண்டாம். துடைத்த மறுநாளே தூசி திரும்ப இறங்கும். நீ செய்யவே இல்லை என்பார்கள்.

எது சேரும், எது சேராது என்று எழுதிக் கொடு. ஃபிரிட்ஜின் உள்பக்கம், ஓவன், ஜன்னலின் வெளிப்பக்கம், கனமான சாமானை நகர்த்துவது: சண்டை வருவது இந்த நாலில்தான். ஏற்கெனவே இருக்கும் கீறலையும் உடைசலையும் வேலை தொடங்குமுன் போட்டோ எடுத்துவிடு.

மருந்து நாலு போதும். தரைக்கு நியூட்ரல் கிளீனர் (ஆசிடும் இல்லை, ஆல்கலியும் இல்லை), பிசுக்குக்கு ஆல்கலி (காரம்), உப்புக்கறைக்கு ஆசிட், கிருமிநாசினி. ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரும் ப்ளீச்சும் ஒரே பையில்கூடப் போகக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். அமோனியா உள்ள கிளீனரையும் ப்ளீச்சோடு சேர்க்காதே. மார்பிளில் ஆசிட் படவே கூடாது, வினிகரும் எலுமிச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மார்பிள் கால்சியம் கார்பனேட். ஆசிட் அதைத் தின்னும். மங்கிய இடம் துடைத்தால் போகாது, பாலிஷ் போட வேண்டும், அந்தச் செலவு உன் தலையில். ஸ்டீல் சிங்க்கில் ப்ளீச்சை ஊறவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். தெரியாத பரப்பு என்றால் கண்ணில் படாத மூலையில் முதலில் தடவிப் பார்.

அளவு விஷயத்தில் எல்லாரும் கை தாராளம். லேபிளில் 1:100 என்றால் 5 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி. 1:40 என்றால் 125. கண்ணளவில் ஊற்றினால் மிஞ்சிய சோப்பு தரையில் பசையாக நின்று தூசியைப் பிடிக்கும், இரண்டே நாளில் காலடித் தடம் தெரியும். ஆளோ 'மருந்து பத்தலை' என்று இன்னும் ஊற்றுவான். அளவுக் கோப்பையைக் கையில் கொடு. தண்ணீரை முதலில் ஊற்றி, மருந்தைப் பிறகு ஊற்று. கலந்த ப்ளீச் நாளாக ஆக வீரியம் இழக்கும், அன்றன்றைக்குக் கலக்கிக்கொள். கிருமிநாசினியை அழுக்கின் மேல் அடிப்பது வீண். முதலில் கழுவி, பிறகு அடித்து, லேபிளில் போட்ட நிமிடம் வரை ஈரமாகவே விட வேண்டும்.

துணி நாலு நிறம்: டாய்லெட்டுக்குச் சிவப்பு, வாஷ்பேசினுக்கு மஞ்சள், சமையலறைக்குப் பச்சை, மற்றதுக்கு நீலம். மைக்ரோஃபைபரை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒவ்வொன்றாகத் திருப்பித் துடைக்கச் சொல். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடாதே, இழையில் படிந்து தண்ணீரை உறிஞ்சவிடாது. பருத்தித் துணியோடும் போடாதே, நூல் ஒட்டும்.

உள்ளே நுழைந்ததும் டாய்லெட்டில் மருந்து ஊற்றி ஊறவிட்டு, ஒட்டடையில் தொடங்கு. மேலிருந்து கீழே, காய்ந்த வேலை முதலில், ஈர வேலை பிறகு, கடைசியில் வாசலை நோக்கிப் பின்னோக்கியே மாப். மாப்புக்கு இரண்டு வாளி, ஒன்றில் மருந்து, ஒன்றில் அலசும் தண்ணீர். மரத் தரைக்கு நன்றாகப் பிழிந்த மாப்.

வாடிக்கையாளர் சாவியில் விலாசம் எழுதாதே. எண் மட்டும் போடு. அந்த எண் யாருடையது என்பது உன் நோட்டில் இருக்கட்டும்.

முதல் மூன்று வீட்டிலும் அறை அறையாக நேரம் குறித்து வை, அடுத்த கொட்டேஷனுக்கு அதுதான் ஆதாரம். முதல் கொட்டேஷனைக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. விலையைத் தொடமாட்டேன், மணிக்கணக்கை மட்டும் பார்த்து அன்றைக்கே திருப்பிவிடுகிறேன்.

அப்பா