சிறு அசௌகரியமும் அதிகாலை ஜீப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு விதிகளையும், ஒரு விதியால் ஆகும் செலவையும் கிடைக்கும் பலனையும் பணமாக எடைபோடும் செலவு–பலன் ஆய்வையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை புரிந்துகொள்ள. இரண்டாம் முறை, "எல்லையோரத்தில் சிலருக்கு நேரும் சிறு அசௌகரியங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்" என்ற வரி நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது.

அந்தச் சிலரில் நானும் ஒருவன். கம்பம் பக்கம். முப்பத்தோரு வருடம் உத்தமபாளையத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு தமிழ்நாட்டில், இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இடுக்கியில். ஆகவே இரண்டு சர்க்காரும் எனக்கு விதி போடும். இரண்டின் கணக்கிலும் நான் வரமாட்டேன்.

கட்டுரையாளர் ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்கு எங்கள் தெருமுனைக்கு வரட்டும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புக்கு நிற்பார்கள். கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். சில வருடங்களுக்கு முன் ஜீப்பில் இத்தனை பேர்தான் என்று கெடுபிடி வந்தது. வேண்டிய கெடுபிடிதான், மறுக்கவில்லை. அந்த வளைவுகளில் வண்டி உருண்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் பதினாறு பேர் போன ஜீப்பில் பாதிப் பேர்தான் என்றதும் டிரைவர் யாரை இறக்கிவிட்டார்? கை வேகம் குறைந்த வயதானவர்களை. எங்கள் எதிர்வீட்டு அக்கா இருபது வருடம் போன தோட்டத்துக்கு அதற்கப்புறம் போகவில்லை. அந்த நாலரை மணிக்கு ஒரு பஸ் விட்டிருந்தால் உயிரும் தப்பியிருக்கும், கூலியும் தப்பியிருக்கும். விதி போட்டவர்கள் அதை யோசிக்கவில்லை, ஏனென்றால் அக்காவின் கூலி அவர்கள் கணக்கிலேயே இல்லை. கூலி வாங்கியது கேரளத்தில், அரிசி வாங்கியது தமிழ்நாட்டில். இரண்டு லெட்ஜரிலும் பெயர் கிடையாது.

2020இல் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்களே, அப்போதும் இதே கதை. போக அந்தப் பக்கத்துப் பாஸ், திரும்ப நம்முடைய இ-பாஸ். ஒன்று கைக்கு வரும் நாளில் மற்றது காலாவதி. ஏலக்காய் பாஸுக்காகக் காத்திருக்குமா? பழுத்தது, வெடித்தது, அணில் தின்றது. முந்தைய வருடம் ஆகஸ்டில் இடுக்கிப் பக்கம் புற்றடியில் ஏலம் விட்டபோது கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு அது. மூடியது தப்பு என்று நான் வழக்காட வரவில்லை. அது சிறு அசௌகரியம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். (முல்லைப் பெரியாற்றைப் பற்றி ஆரம்பித்தால் உங்கள் இதழ் தாங்காது, விட்டுவிடுகிறேன்.)

அமெரிக்காவைப் பார் என்கிறார் கட்டுரையாளர். விதி போடுமுன் செலவையும் பலனையும் எடைபோடச் சொல்லி 1981இல் அதிபர் ரீகன் போட்ட ஆணை, 1993இல் அதிபர் கிளின்டன் போட்ட ஆணை, எல்லாம் சரி. அங்கேயே நடந்த 2015 வழக்கை ஏன் விட்டுவிட்டார்? தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். மின்நிலையப் புகையில் வரும் பாதரசத்தைக் குறைக்க ஒரு விதி. செலவு வருடத்துக்கு 960 கோடி டாலர். பாதரசம் குறைவதால் கிடைக்கும் பலனில் பணமாக மாற்ற முடிந்தது 40 முதல் 60 லட்சம் டாலர்தான். ஆனால் அதே ஏற்பாட்டில் நுண்துகளும் குறையும், அதையும் கூட்டினால் 3,700 கோடி முதல் 9,000 கோடி டாலர் வரை. ஒரே விதி, ஒரு கூட்டலில் கிறுக்குத்தனம், இன்னொரு கூட்டலில் புண்ணியம். விதி வேண்டுமா என்று முடிவு செய்யும்போதே செலவைப் பார்த்திருக்க வேண்டும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது. எதையெல்லாம் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் தீர்த்துவைக்கவில்லை. என் சண்டையே அந்த இடத்தில்தான். 1936இல் அவர்கள் வெள்ளத் தடுப்புச் சட்டம் எழுதியபோது, பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, மொத்தப் பலன் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்றார்கள். பலன் யாருக்குப் போனாலும் சரியாம்! செலவு யார் தலையில் விழுந்தாலும் சரி என்பதை எழுதாமல் விட்டது நாகரிகம்.

நம் ஊரிலும் ஒரு கூத்து நடந்தது. மேட்டில் ஏறும்போது போன் பாதியில் அறுந்துபோகும். அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 ஜனவரியிலிருந்து விதி வைத்தது. மே மாதம் நம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரி. விதிகளை முன்கூட்டி அறிவித்து மக்கள் கருத்தைக் கேட்க, அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டுச் சட்டம்போல ஒன்றை நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. என் மூன்று ரூபாய் உடனே போனது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. 2014இல் மத்திய அரசு எழுதிய கொள்கை ஒன்று இருக்கிறது. வரைவை 30 நாளாவது வெளியில் வைக்க வேண்டும், வாழ்வாதாரத்துக்கு என்ன பாதிப்பு என்று சொல்ல வேண்டும் என்கிறது. சட்டமாகாத வெறும் கொள்கையை வைத்துக்கொண்டு கோர்ட்டில் என்ன செய்ய முடியும் என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கான சூழல் பாதுகாப்பு வரைவு 2014 மார்ச்சில் முதலில் வந்தது. ஆறாவது முறையாக வந்தது 2024 ஜூலை 31, வயநாடு சரிந்த மறுநாள். காக்க வேண்டிய பகுதி என்று அது குறித்தது 56,825.7 சதுர கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,914. ஆட்சேபணைக்கு 60 நாள். கெஜட்டில் ஆங்கிலமும் இந்தியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரிவரியாக நான் தமிழில் சொன்னேன், அதற்குள் நாற்பது நாள் ஓடிவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் எதிர்க்க வந்தவர்கள் இல்லை. மலை சரிவதைப் பார்த்தவர்கள், ஆதரித்து எழுதவும் இருந்தார்கள். 2020இல் சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் வெளியிடச் சொன்னதே டெல்லி உயர் நீதிமன்றம், அதை நினைத்துக்கொண்டேன். அந்த அறுபது நாளில் தங்கள் இதழில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பழனிப் பாதயாத்திரைக்கு எட்டுப் பக்கம் வந்தது. குறை சொல்லவில்லை, நானும் படித்தேன்.

நான் கேட்பது பெரிதல்ல. எந்த வரைவு விதி வந்திருக்கிறது, ஆட்சேபணைக்குக் கடைசி நாள் எது, எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்று தமிழில் ஒரு பெட்டிச் செய்தி, வாரம் ஒரு முறை. ராசிபலனுக்குக் கீழே கொஞ்சம் இடம் சும்மாதான் கிடக்கிறது.

கடிதம் நீளம் என்று தோன்றினால் அமெரிக்காவை வெட்டிக்கொள்ளுங்கள். ஜீப்பை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கம்பம் வட்டாரம், தேனி மாவட்டம்