பிள்ளைகளிடமே கேட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடியிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் உயர்நிலை, மேல்நிலை மாற்றுத்திறன் மாணவர்கள் சார்பாக இதை எழுதுகிறேன்.

தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் திறனைத்தான் இந்த ஆண்டு கற்பித்தோம். அமெரிக்கக் கல்வியாளர் மைக்கேல் வேமேயரும் சக ஆய்வாளர்களும் வகுத்த முறையில், மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முக்கியக் கேள்விகள் மூன்று: என் இலக்கு என்ன? என் திட்டம் என்ன? இதில் நான் கற்றது என்ன? எளிய கேள்விகள்தாம். ஆனால் உடுப்பது முதல் படிப்பது வரை எல்லாவற்றையும் பிறரே தீர்மானித்து வளர்ந்த பிள்ளை, முதல் கேள்விக்கு வாய் திறக்கவே வாரக்கணக்கில் ஆகும். வகுப்பில் பேசிப் பழகியதை வெளியே செய்துபார்க்கவும் இடம் வேண்டும். அதை நீங்கள் கொடுத்தீர்கள்.

எம்.சி. ரோடு துணிக்கடைக்கார அண்ணே, முதலில் தாயிடம்தான் நிறம் கேட்டீர்கள். மாணவர் கையை உயர்த்தியதும் அவர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சட்டையாக விரித்துக் காட்டினீர்கள். அம்மா நீலத்தைச் சொன்னார்; பிள்ளை ஆரஞ்சை எடுத்தார். ஆரஞ்சுக்கே பில் போட்டீர்கள். வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலைய ஊழியர்களே, வரிசை நீண்டபோதும் எங்கள் மாணவி தான் போகும் இடத்தைத் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தீர்கள்.

தலைமையாசிரியர் அம்மாவுக்குத் தனி நன்றி. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் வேண்டும் என்று வழக்கமாகப் பெற்றோர்தான் வந்து பேசுவார்கள். மூளை முடக்குவாதம் உள்ள எங்கள் மாணவரை உட்காரவைத்து, எத்தனை பக்கத்துக்குப் பிறகு கை இறுகிவிடுகிறது, யார் எழுதினால் வசதி என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டீர்கள். சுயமாகத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் முகவுரையிலேயே சொல்கிறது. அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அன்று உங்கள் அறையில் கண்டேன்.

பெற்றோரே, எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர்கள் நீங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓயாத எண்ணூர் நெடுஞ்சாலையை மகள் தனியாகக் கடந்து பஸ் ஏறட்டும் என்று சம்மதிக்க, காசிமேட்டில் மீன் விற்கும் அந்தத் தாய்க்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது! நாங்கள் சற்றுத் தள்ளி நின்றிருந்தோம் என்றாலும், அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடுதான் அவர் மகளின் கையை விட்டார்.

ஜூனில் புதிய மாணவர்கள் சேர்கிறார்கள். அவர்களையும் உங்கள் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அழைத்து வருவோம். கேட்க வேண்டியதை அவர்களிடமே கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்.

நன்றியுடன்,
ஒரு சிறப்பாசிரியர்,
தண்டையார்பேட்டை