இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. அரையாண்டுத் தேர்வைப் பிள்ளைகள் ஊக்கத்துடன் எழுதினார்கள். விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. அனைவருக்கும் பாராட்டுகள்.

ஆறாம் வகுப்பின் கிண்டிச் சுற்றுலாவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கிண்டி 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஒருபுறம் ஆளுநர் மாளிகை, மறுபுறம் ஐ.ஐ.டி., சுற்றிலும் ஓயாத வாகன இரைச்சல். நம் கடலோரச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இவற்றுக்கு நடுவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. புள்ளிமானின் கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும், வெளிமானின் முறுக்குக் கொம்போ உதிர்வதே இல்லை என்று ஆசிரியர் சொன்னதும், "விழும்போது அதற்கு வலிக்குமா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்கிறோம்.

மதிய உணவுக்குப் பின் நடந்தது வேறு. மீந்த எலுமிச்சை சாதத்தைக் கவரோடு ஒருவர் கம்பிவேலிக்குள் நீட்டினார். ஒரு பெண் புள்ளிமான் வந்து கவரையும் சேர்த்தே மெல்லத் தொடங்கியது. காவலர் ஓடிவருவதைக் கண்டு மிரண்டு, பாதிக் கவர் வாயில் தொங்க, புதருக்குள் மறைந்துவிட்டது. மோவாயில் மஞ்சள் பருக்கைகள் ஒட்டியிருந்ததைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள்.

மானும் மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. இரைப்பையில் தங்கும் பிளாஸ்டிக் செரிக்காது, சுருண்டு கட்டியாகிவிட்டால் வெளியேறவும் செய்யாது. இடம் அடைபட்டுப்போய், வயிறு நிறைந்த நிலையிலேயே மான் பட்டினியால் சாகும்.

நீட்டியவர் மாணவர் அல்லர், உடன் வந்த பெற்றோரில் ஒருவர். அவர் மனம் எனக்குப் புரிகிறது. காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு உண்கிறவர்கள் நாம். ஆனால் காட்டு மானுக்குப் புல்லும் தழையும் இருக்கின்றன, நம் சோறு தேவையில்லை. அன்று ஒரு நாட்டுக்குரங்கு மாணவன் ஒருவனின் பையைப் பிடித்து இழுத்தது. நல்லவேளை, காயமில்லை. கையில் பை இருந்தால் தீனி இருக்கும் என்று அதற்குப் பழக்கியவர்கள் மனிதர்கள்தாம்.

சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக எழுதியிருந்தோம். பிளாஸ்டிக் கவருக்குத் தமிழ்நாட்டில் 2019 முதலே தடை இருக்கிறது. அப்படியிருந்தும் திரும்பும்போது பிள்ளைகளின் பைகளிலிருந்து ஒரு சாக்கு நிறைய கவர்கள் சேர்ந்தன. இனிச் சுற்றுலா நாளில் பள்ளி வாசலிலேயே பைகளைப் பார்ப்போம். கவரோ சிப்ஸ் பாக்கெட்டோ இருந்தால் அங்கேயே எடுத்து வைத்துவிடுவோம். விலங்குகளுக்கு உணவு கொடுப்பவர், பெற்றோரே ஆனாலும், அடுத்த முறை உடன் வர இயலாது. இதில் விலக்குக் கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

எவர்சில்வர் டப்பாவிலும் வாழையிலையிலும் கட்டிக் கொடுத்தனுப்பிய வீடுகளுக்கு மனமார்ந்த நன்றி. விடிவதற்கு முன் எழுந்து சமைக்கும் அவசரத்தில் அது எளிதல்ல என்று அறிவேன். வேலைக்கு விடுப்பு எடுத்துப் பிள்ளைகளுடன் வந்த பெற்றோருக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் இத்தனை பேரை வெளியே அழைத்துச் செல்ல எங்களால் முடியாது.

பொங்கல் விடுமுறைக்குப் பின் ஏழாம் வகுப்பு கிண்டிக்குச் செல்கிறது. ஒப்புதல் படிவம் டைரியில் ஒட்டப்பட்டுள்ளது. கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்