கமரா எங்கட வீட்டில, சாவி வேற ஆளிட்ட

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வருசம் ஓகஸ்டில எங்கட வெள்ளவத்தை தொடர்மாடி வீட்டில 4 கமரா பூட்டினனாங்கள். அப்பா போனாப் பிறகு அம்மா பகல் முழுக்கத் தனிய, நான் வேலைக்குப் போயிடுவன், தம்பி டொரன்டோவில, காசு அனுப்பினது அவன்தான், அவனுக்கு இருந்தது ஒரே ஆசை, அங்க இருந்து போனில அம்மாவைப் பாக்கோணும். பிள்ளையள் வெளியில, தாய் தேப்பன் இங்க எண்டு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் எத்தினை வீடு இருக்கு, அவைக்காகத்தான் இதை எழுதுறன்.

பூட்ட வந்த பெடியன் வேலை சுத்தம், வயர் எல்லாம் வடிவா இழுத்தார். கடைசியா ரெக்கோடர் பெட்டியைத் தலைகீழாப் பிரட்டி அடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தன்ர போனால ஸ்கேன் பண்ணினார், பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில பெருவிரலால டக்கெண்டு என்னவோ அடிச்சார். கொஞ்ச நேரத்தில என்ர போனிலயும் தம்பியின்ர போனிலயும் படம் வந்திட்டுது. இங்க பின்னேரம் 5 மணி, அங்க காலமை ஏழரை, அம்மா ஹோல் கதிரையில இருந்து கையாட்டினா, தம்பி அழுதே போட்டான். அந்த சந்தோசத்தில நான் ஒண்டும் கேக்கேல்ல, அதுதான் பிழை.

7 மாசத்துக்குப் பிறகு நான் போன் மாத்தினன். ஆப்பைப் போட்டு பெட்டியை ஸ்கேன் பண்ணினா இது ஏற்கனவே வேற எக்கவுண்டில இருக்கு எண்டு வருது. பிறகுதான் விளங்கிச்சு, பெட்டி பதிவாகி இருக்கிறது பூட்டின பெடியன்ர எக்கவுண்டில, எங்களுக்கு அவர் சும்மா ஷெயார் பண்ணி விட்டிருக்கிறார். கடைக்கு எடுத்தா அவர் இப்ப இங்க இல்லை எண்டினம். அவர் பாத்தார் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா 7 மாசம் ராவோ பகலோ எங்கட ஹோலைப் பாக்க விருப்பமெண்டா அவருக்கு ஒரு தட்டு போதும், அதை நினைச்சு எனக்கு ரெண்டு நாள் நித்திரை வரேல்ல. சீரியல் நம்பரையும் பில்லையும் கமராக் கம்பனியின்ர ஏஜென்டுக்கு அனுப்பி அந்த எக்கவுண்டில இருந்து கழட்டி எடுக்க 11 நாள் போச்சு. அதுவரைக்கும் ரவுட்டரில இருந்து பெட்டிக்குப் போற வயரைப் பிடுங்கி வைச்சிருந்தனான். அப்பிடிச் செய்தாலும் உள்ளுக்க இருக்கிற ஹார்ட் டிஸ்கில பதிவு நடந்துகொண்டுதான் இருக்கும், பயப்பிடத் தேவையில்லை.

இதுக்குள்ள மேல்மாடி அன்ரி தங்கட கமராவும் போனில வரேல்ல எண்டு என்னைக் கூப்பிட்டா. அவைக்கும் அதே பெடியன்தான் பூட்டினவர். எனக்கு ஒரு சந்தேகம், அன்ரியிட்டக் கேட்டுப்போட்டு எங்கட வீட்டுப் பெட்டிக்கு அவர் போட்ட பாஸ்வேர்டை அங்க அடிச்சன். திறந்திட்டுது. அன்ரியின்ர முகத்தை நான் மறக்கமாட்டன்.

அதனால பூட்ட ஆள் வரமுதலே உங்கட போனில உங்கட ஈமெயிலால எக்கவுண்டைத் திறந்து வையுங்கோ, ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணுறது உங்கட போனா இருக்கட்டும், அட்மின் பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கோ, வெளிநாட்டில இருக்கிற ஆளுக்கு நீங்கள் ஷெயார் பண்ணுங்கோ, அதிலயும் பார்க்க மட்டும் எண்டு விடலாம். ரவுட்டரில போர்ட் ஃபோர்வர்டிங், அதாவது வெளி இன்டர்நெட்டில இருந்து பெட்டிக்கு நேர வர வழி திறந்து விடுறது, போடுறன் எண்டு சொன்னா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அது பழைய முறை, இப்ப பெட்டி தானாவே கம்பனி சேர்வருக்குப் போய் அதின்ர உதவியோட படத்தைத் தரும், போர்ட்டைத் திறந்து விட்டா உலகத்தில இருக்கிற எல்லாரும் வந்து கதவைத் தட்டலாம். 2016 இல மிராய் எண்டொரு வைரஸ் அப்பிடித்தான் பரவினது, கமராக்கள், ரெக்கோடர்கள், ரவுட்டர்கள் எல்லாத்திலயும் ஃபக்டரி பாஸ்வேர்ட் மாத்தாமல் கிடந்ததைத் தேடித் தேடிப் பிடிச்சு, பிடிச்சதுகளை வைச்சு இன்டர்நெட்டைத் தாக்கினதில அந்த ஒக்டோபர் 21 ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் கனபேருக்கு மணித்தியாலக் கணக்கில வேலை செய்யேல்ல. பிரிட்டனில 2024 ஏப்ரல் 29 இல இருந்து எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விக்கேலாது எண்டு சட்டம்.

இன்னொண்டு, டேட்டா. தம்பி ராவில பார்த்தபடியே நித்திரையாப் போயிடுவான், எங்கட பாக்கேஜ் மாச நடுவில முடிஞ்சிடும். பிறகு முழுத் தெளிவான படம் வாற மெயின் ஸ்ட்ரீமை விட்டிட்டு, தெளிவு குறைஞ்ச சப் ஸ்ட்ரீமுக்கு மாத்தினனாங்கள். 4 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 4 மெகாபிட்) வேகத்தில படம் அனுப்பிற கமரா ஒண்டு மணித்தியாலத்துக்கு 1.8 ஜிபி தின்னும், 512 கேபிபிஎஸ் எண்டா 230 எம்பி அளவுதான், ஆளைப் பாக்க அது காணும்.

அம்மாவிட்ட நான் நடந்ததைச் சொன்னன். அவ ஒண்டும் சொல்லேல்ல. அடுத்த நாள் வேலையால வந்து பாத்தா கதிரையைக் கமராவுக்கு முதுகு காட்டித் திருப்பி வைச்சிருக்கிறா. அந்தக் கமராவை அங்க பூட்டேக்க அம்மாவிட்ட ஒரு வார்த்தை நாங்கள் கேக்கேல்ல, அவவின்ர ஹோல், அவவின்ர கதிரை. இப்ப ஹோலில கமரா இல்லை, வாசலிலயும் படியிலயும் பின் பல்கனியிலயும் மட்டும்தான். தம்பி ஒவ்வொரு நாளும் 5 மணிக்கு வீடியோ கோல் எடுக்கிறான், அம்மா தலை இழுத்து, பொட்டு வைச்சு, சீலையைச் சரிசெய்துபோட்டுத்தான் போனுக்கு முன்னால வந்து இருப்பா.

ஐயா, ஆப்பில வாறது எல்லாம் இங்கிலீஷ், அம்மா வயசுக்காரருக்கு ஒண்டும் விளங்காது. உங்கட பத்திரிகையில ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் படத்தோட தமிழில விளக்கமாப் போட்டா பெரிய உதவியா இருக்கும். கமரா பூட்டுற கடைக்காரரிட்டயும் கேக்கிறன், வேலை முடிச்சுப் போகேக்க எக்கவுண்ட் ஆரின்ர பேரில, பாஸ்வேர்டை எங்க மாத்துறது எண்டு தமிழில ஒரு துண்டு எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ, அதுக்கு 5 நிமிசம் போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி
வெள்ளவத்தை, கொழும்பு 6