பற்றாக்குறை மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையை, அதாவது சங்கம் மூலம் சம்பளத்தையும் பணி நிலைமைகளையும் பேசி முடிவுசெய்யும் உரிமையை, பறிக்கும்போதெல்லாம் பட்ஜெட் பற்றாக்குறையைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2011-இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த சட்டமும் அப்படித்தான். சரி, ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் கூடுதலாகப் பணம் கட்ட சங்கத் தலைவர்கள் சம்மதித்தே விட்டார்கள். அப்புறம் எதற்கு, அடிப்படைச் சம்பளம் தவிர வேறெதையும் பேசக்கூடாது என்ற தடை? சங்கம் நீடிக்க ஆண்டுதோறும் வாக்கெடுப்பு வேறு. அதில் மொத்த ஊழியர்களில் 51 சதவீத ஆதரவு வேண்டும். ஓட்டுப் போட வராதவரும் எதிர் ஓட்டுதான்! எத்தனை சட்டமன்ற உறுப்பினர்கள் இந்தக் கணக்கில் தேறுவார்கள்?

போலீசாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் மட்டும் விலக்கு. அவர்கள் சம்பளமும் பொதுப் பணம்தானே? அதே ஆண்டு இன்னொரு அமெரிக்க மாநிலமான ஒஹையோவில் இவர்களையும் சேர்த்தே சட்டம் போட்டார்கள். நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் அது ரத்தானது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்